மேடா, பள்ளமா

மேடுதான், சந்தேகமே இல்லை, இன்னொரு தடவை பார்த்தாலும் மேடாகத்தான் இருக்கப்போகிறது, ஆனாலும் காசை விளக்கடியில் கால் சுற்று திருப்புகிறேன், இன்னொரு கால் சுற்று... விளிம்பில் கிளம்பி, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நுழைந்து, ராஜாவின் தாடையில் முட்டி நிற்கிற முடியளவு கோடு, வெளிச்சம் எந்தப் பக்கம் பட்டாலும் அதற்கு எதிர்ப்பக்கம் நிழல் விழுகிறது, பள்ளத்துக்கு ஏது இந்த நிழல்? கீறல் இல்லை இது, அச்சு விரிசல். காசு அடிக்கிற எஃகு அச்சு அடி தாங்காமல் வெடித்திருக்கிறது, வெடிப்புக்குள் வெள்ளி பிதுங்கிக் கோடாக நின்றுவிட்டது, குற்றம் அச்சினுடையது, காசு என்ன செய்யும் பாவம், பிறந்ததே அப்படி. ஏலக்கடை மாடியில் உட்கார்ந்து பழைய வெள்ளிக் காசுகளுக்கு மதிப்புப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கீறல் மதிப்பைக் குறைக்கும், விரிசல் சில சமயம் கூட்டும் என்று வாரத்துக்கு நாலு பேருக்காவது பாடம் எடுக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே காசைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பமே கூடியிருந்த சாப்பாட்டு மேஜையில், கீறல் விழுந்தது அக்கா, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க என்று அறிவித்தேன். நுணலும் தன் வாயால் கெடும். என்ன, இந்த நுணல் கெட பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணி, மடியில் கைப்பை, கண் சுவர்க் கடிகாரத்தில். மருந்துக்கடையில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள், அரை மணியில் திரும்பியாக வேண்டும். வெள்ளி விலை ஏறியிருக்கிறதாம், எப்படியும் கீறல் விழுந்த காசுதானே, எடைக்குப் போட்டு உருக்கிவிடலாமா, நீ ஒரு வார்த்தை சொல்லு என்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், அவர்கள் எழுதியது அவர்களுக்கே புரியாதபோது இவளைத்தான் போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று கடையில் ஒரு கேலி உண்டு, அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு என்னிடம் ஒரு வார்த்தை வேண்டும். இந்தக் காசை அவள் முதல் சம்பளத்தில் வாங்கினாள். பழைய சாமான் விற்கிறவன் தட்டில் நாற்பது காசு இருந்ததாம், இந்தக் கோடு தனியாகத் தெரிந்ததாம், பிடித்திருந்ததாம். பிடித்திருந்தது என்று சொல்லி மேஜைமேல் வைத்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமை... அதைத்தான் நான் ஒரே வரியில் துடைத்துவிட்டேன்.

எப்படித் தவறினேன் என்று இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன. எங்கள் வேலையில் விளக்கு எப்போதும் இடது மேல்பக்கம்தான், கண் அதற்கே பழகிவிடும், அன்றைக்குச் சன்னல் என் வலது பக்கம் இருந்தது. வெளிச்சம் பக்கம் மாறினால் மேடு பள்ளமாகத் தோன்றும், ராஜாவின் முகத்தைப் பார்க்கையில் கண் ஏமாறாது, மூக்கு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும், இப்படி ஒரு மெல்லிய கோட்டில் ஏமாந்துவிடும். காசைத் திருப்பியிருந்தால் போதும், ஒரே ஒரு சுற்று. திருப்பவில்லை. கல்யாணமாகி மூன்றே மாதம், அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு பொருட்டாகவே பார்க்காத நாள், முதல் தடவையாக எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது, நான் எதற்குக் காசைத் திருப்பப் போகிறேன்? எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் என்னைப் பார்த்து, கெட்டிக்காரி என்றார். அன்றிலிருந்து அக்கா என்னைக் கேட்காமல் ஒரு துரும்பு வாங்கியதில்லை. மெத்தை, மிக்ஸி, மூக்குக்கண்ணாடி பிரேம்... போன மாதம் ஒரு தர்ப்பூசணிப் பழத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, இது சிவப்பாக இருக்குமா என்று கேட்டாள். நானும் பெரிய மேதை மாதிரி, பக்கத்துப் பழத்தை எடுங்க என்று பதில் போட்டேன். தர்ப்பூசணியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பிடித்திருந்தது, அதுதான் விஷயம், அவள் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

சொல்லாமல் விட்டால் இன்று சாயங்காலமே இது உருகிவிடும், முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது... சொன்னால் நாளையிலிருந்து என்னை யார் கேட்பார்கள்? சே, என்ன புத்தி இது, ஒருத்தியின் கண்ணை அவளே நம்பாமல் செய்துவிட்டு எனக்கு இன்னும் கெட்டிக்காரிப் பட்டம் வேண்டியிருக்கிறது. எழுந்து கதவைத் திறந்தேன். உள்ளே வாங்க அக்கா. வந்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன், வார்த்தையை மென்று விழுங்கினால் நேரம்தான் போகும் என்று போட்டு உடைத்தேன்.

"அக்கா, இது கீறல் இல்ல. அன்னிக்கு நான்தான் தப்பாப் பாத்துட்டேன். நீங்க எடுத்தது நல்ல காசு."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, மருந்துச்சீட்டைப் பார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்க மளமளவென்று பேசினேன், அச்சு, வெடிப்பு, வெடிப்பு கிளை விட்டால் விலை இன்னும் ஏறுவது, சன்னல், எல்லாவற்றையும். பேச்சோடு பேச்சாக மதிப்பையும் சொன்னேன், எடைக்குப் போட்டால் வருவதைப்போல் ஆறு மடங்கு. அவள் கையை நீட்டினாள். லென்ஸைக் கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை, நானும் கொடுத்ததில்லை. காசின்மேல் குனிந்தாள், நான் சொல்லிக் கொடுக்காமலே அதை மெல்லத் திருப்பினாள், ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"ஆறு கம்மி. தாடைக்குக் கீழ இன்னொரு கோடு பிரிஞ்சு போகுது, நீ பாக்கல."

இரண்டு கிளை விரிசலா? அப்படியென்றால் கணக்கே வேறு, பத்து மடங்குக்குக் குறையாது, ஆனால் நான் இத்தனை நேரம் பார்த்தேனே, அங்கே ஒன்றும் இல்லையே, இல்லை, பார்த்தேனா? கோடு தாடையில் முட்டி நின்றது என்று முடிவு கட்டிக்கொண்டு கீழே போகவே இல்லையோ? சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, லென்ஸைத் திருப்பித் தரவும் இல்லை, நான் பக்கத்தில் குனிந்து நிற்கிறேன், வெறும் கண்ணுக்குக் காசு வெறுமனே மினுங்குகிறது, வாங்கிப் பார்க்கலாம், ஒரு நொடி வேலை, கை மட்டும் நீளமாட்டேன் என்கிறது... அங்கே ஒரு கோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, இருக்கக் கூடாது என்றா?