ஆலங்கட்டிக்குக் காரணமானவள்

தகரக் கூரையில் சடசடவென்று கற்கள் விழுந்தன. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆலங்கட்டி. சுகாதார நிலையத்தின் ஒரே கட்டிலில் படுத்திருந்த டெல்ஃபினா காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"நர்ஸம்மா, அது தட்டுது. உள்ள விடச் சொல்லுது" என்றாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. உடம்பு அனலாகக் கொதித்தது. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து வந்தவள், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் உண்மையைச் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் சுமந்து, மாதம் நிறையாமல் வெட்டவெளியில் பெற்று, மூச்சில்லாத பிள்ளையைப் புதைத்துவிட்டாள். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிச் சீழ் வைத்திருந்தது. ஊசி போட்டிருந்தேன், அது போதாது. இருட்டுவதற்குள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்க மாட்டாள். ஊரில் இருந்ததோ ஒரே லாரி. அது ஊர்த் தலைவர் தோன் அனக்லேத்தோவுடையது.

அவரிடம் கேட்க நான் கிளம்பிய நேரத்தில்தான் கல் விழுந்தது.

எங்கள் மேட்டுநிலத்தில் ஆலங்கட்டி சும்மா விழுவதில்லை. ஞானஸ்நானம் இல்லாமல், பெயர் இல்லாமல் ஒளித்துப் புதைத்த பிள்ளைதான் அழுதுகொண்டே கல்லாக இறங்கி உருளைக்கிழங்குச் செடியை அடிக்கும் என்பார்கள். நகரத்தில் படித்தவள் நான், நம்புவதில்லை. ஆனால் அன்று அந்தச் சத்தத்துக்கு நடுவே மெல்லிய கேவல் ஒன்று எனக்கும் கேட்டது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். டெல்ஃபினாவின் வாய் மூடியிருந்தது.

கல் நின்றதும் பள்ளிக்கூட மணி அடித்தது. வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு செடி நிமிர்ந்து நிற்கவில்லை. கல்யாணமாகாத பெண்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கூட்டி, யாரிடம் பால் சுரந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த வேலை எப்போதும் தலைவரின் மனைவி தோன்யா சத்துர்னினாவுக்குத்தான். பிள்ளையே பெறாதவள், காப்பாற்ற அவளுக்கு மகள் கிடையாது, அதனால் பொய் சொல்ல மாட்டாள் என்பது ஊரின் கணக்கு. பிடிபட்டவளைச் சாட்டையால் அடித்து, புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி நடத்திக்கொண்டு போவார்கள். இந்த உடம்போடு டெல்ஃபினா வாசலைத் தாண்டினாலே விழுந்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பால் இல்லை. பாக்கி ஒருத்திதான். கூட்டம் என் வாசலுக்கு வந்தது. நான் கதவை மறித்து நின்று, கடுமையான நோயாளி, யாரும் உள்ளே வரக்கூடாது என்றேன்.

"கல்லு விழாம இருக்க ஒரு மாத்திரை குடுங்களேன் நர்ஸம்மா, நாங்க திரும்பிப் போயிடறோம்" என்றான் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் தொப்பி விளிம்பிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

போர்வையை விலக்கவே வேண்டியிருக்கவில்லை. அது நெஞ்சருகே நனைந்து, புளித்த பால் வாடை அடித்தது. சத்துர்னினா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள், அப்புறம் என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் என்று அவள் கையைப் பிடித்தேன். கையை உதறினாள். தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து அந்த ஈரத்தின் மேல் போர்த்தினாள். கதவைத் திறந்தாள்.

"பால் இல்ல. குடல்வால் வீங்கியிருக்கு. லாரியை எடுங்க" என்றாள் புருஷனிடம்.

லாரியின் பின்தட்டில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். டெல்ஃபினாவின் தலை சத்துர்னினாவின் மடியில் கிடந்தது. வழியோரக் குழிகளில் ஆலங்கட்டி இன்னும் கரையாமல் குவிந்திருந்தது. ஊர் மறைந்த பிறகுதான் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

"உங்க நிலத்துலதான் புதைச்சேன், அம்மா" என்றாள். "கல்சுவர் மூலையில. தோண்டும்போது அங்க ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. மக்கின துணியில சுத்தி, சின்னதா. பயத்துல வேற குழி தோண்டல."

சத்துர்னினா முன்னால் திரும்பி, கண்ணாடிக்கு அப்பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷனின் முதுகைப் பார்த்தாள். பிறகு டெல்ஃபினாவின் காதருகே குனிந்தாள்.

"பக்கத்துலயே வெச்சியா, கண்ணு? நல்லது. அவ இத்தனை வருஷமா அங்க தனியாத்தான் கிடந்தா."