நன்றி: டிட்டாஸ்

சவப்பெட்டியின் கண்ணாடியை ஹெர்மினியா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் அதன்மேல் கையை வைத்துவிட்டுப் போகிறார்கள். புருஷன் ஆர்ஸெனியோவின் மூக்குக்கு நேரே யாருடைய விரல் எண்ணெயோ அப்பியிருந்தது. செத்தவர் மேல் கண்ணீர் சொட்டினால் ஆத்மா கிளம்பாது, ஜாக்கிரதை என்று நாத்தனார் லூர்து முதல் நாளே எச்சரித்திருந்தாள். அவள் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஹெர்மினியாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ரத்தக்கொதிப்பு மனுஷனைக் கொண்டுபோய்விட்டது. ரத்தக்கொதிப்பைப் பற்றி உலகத்துக்கே எழுதியவன், மேஜைமேல் இருந்த மாத்திரையை விழுங்க மறந்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

"அண்ணி" என்று லூர்து வந்து காதோரம் குனிந்தாள். "வாசல்ல ஒரு பொம்பளை நிக்கிறாங்க. டூமாகெட்டேலேருந்து பஸ்ஸும் கப்பலும் மாறி வந்திருக்காங்களாம். பேரு டிட்டாஸாம்."

துணி நின்றது.

மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆர்ஸெனியோ ஒரு வலைப்பக்கம் நடத்தினான். இணையத்தில் அன்றன்று அகப்பட்டதை எல்லாம் அதில் போடுவான். சட்டை மடிக்கும் இயந்திரம், தூக்கத்தில் நிறம் மாறும் ஆக்டோபஸ், பழைய வீடியோ விளையாட்டுக்குள் யாரோ ஒளித்துவைத்த அறை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் காலையில் காப்பியோடு அதைப் படித்தார்கள். ஹெர்மினியா ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அடியில், அதைக் கண்டுபிடித்து அனுப்பியவர் பெயர். நன்றி: டிட்டாஸ். அதற்குக் கீழே நன்றி: டிட்டாஸ். மறுபடியும் நன்றி: டிட்டாஸ். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கோப்பை காப்பிக்கு அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அன்று மூடியதுதான், பிறகு அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை.

"வரச் சொல்லு" என்றாள்.

வந்தவளைப் பார்த்ததும் அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துத் திட்டியது உதட்டுச்சாயம் பூசிய ஒரு ஒல்லிக் குட்டியை. இவளோ அறுபது தாண்டியவள், வீங்கின காலில் ரப்பர் செருப்பு, தோளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுகிற பை. அழகியாக இருந்திருந்தால்கூட வயிறு ஆறியிருக்கும். ஆம்பளை, மயங்கிவிட்டான் என்று விட்டுத்தொலைக்கலாம். இவளிடம் பேச்சுக்காகவே அல்லவா போயிருக்கிறான்.

டிட்டாஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்பதான் முதல்தடவையா பாக்கிறேன். மூக்கு இவ்வளவு பெருசுன்னு நினைக்கல."

லூர்து சிரிப்பை அடக்க இருமினாள். ஹெர்மினியாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மூக்கைப் பற்றிப் பேசும் உரிமை இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

டிட்டாஸ் ஒரு இனிப்புப் பெட்டியை நீட்டினாள். ஹெர்மினியா வாங்கி வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாவு வீட்டார் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவு விழும். அந்த வழக்கம் இன்று அவளுக்கு மிக வசதியாக இருந்தது.

மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெளியே பந்தலில் சீட்டாடுகிறவர்கள் தர்பூசணி விதையைக் கடித்துத் துப்பும் சத்தம் கேட்டது. லூர்து காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க அவருக்கு நிறைய அனுப்புவீங்களாமே" என்றாள் ஹெர்மினியா. குரலில் சர்க்கரை போட்டுத்தான் கேட்டாள்.

"நான் டெலிபோன் ஆபீஸ்ல ராத்திரி வேலை பார்த்தவ. ரிட்டயர் ஆனப்புறமும் தூக்கம் வர்றதில்ல. எதையாவது தேடிக்கிட்டே இருப்பேன், நல்லதா கிடைச்சா அவருக்கு அனுப்புவேன்." டிட்டாஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எனக்கு அவர்மேல ஒரு கோபம் உண்டு."

"கோபமா?"

"பொறாமைன்னே வச்சுக்கோங்க. அந்தப் பக்கத்துல சிலது வரும் பாருங்க, அடியில யாருக்கும் நன்றி இருக்காது. அதுங்கதான் இருக்கிறதுலயே அருமையா இருக்கும். அது வந்த அன்னிக்கு எல்லாரும் அதைத்தான் பேசுவாங்க, நான் அனுப்பினது சீந்த ஆளில்லாம கிடக்கும். யாரு குடுத்ததுன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். மனுஷன் வாயே திறக்கல."

அடேயப்பா, இன்னொருத்தி வேறயா? ஹெர்மினியாவுக்கு நெஞ்சு காந்தியது. ஒருத்தி போதாதென்று பெயரைக்கூட வெளியில் சொல்லாமல் மறைத்துவைக்கும் அளவுக்கு ஒருத்தி.

"எந்த மாதிரி?" என்றாள்.

டிட்டாஸ் போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனாள். "மத்ததெல்லாம் அவர் கண்டதைச் சொல்லி ஆரம்பிப்பார். இதுங்க மட்டும் கேள்வியோட ஆரம்பிக்கும். இதோ. 'மழை வர்றதுக்கு முன்னாடியே மண்ணு மணக்குதே, அதுக்கு யாரு தகவல் சொன்னது?' அப்புறம் இது. 'குதிரைமேல போற ராஜா கையில கடிகாரம் கட்டி விட்டது யாரு?' பழைய படத்துல வர்ற தப்பையெல்லாம் சேர்த்துவச்சிருக்கிற ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு இதுக்குக் கீழ போட்டிருந்தார். விழுந்து விழுந்து சிரிச்சேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 'சோறு வெந்துடுச்சுன்னு கரண்ட் குக்கருக்கு எப்படித் தெரியுது?'"

லூர்து காப்பிக் கோப்பையை வாயருகே வைத்தபடி அண்ணியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் இந்த வீட்டு மேஜையில்தான் சாப்பிடுகிறவள்.

அந்தக் கடிகாரம் கட்டிய ராஜாவை ஹெர்மினியா நன்றாக அறிவாள். டிவியில் பார்த்துக்கொண்டே, வாயில் மீனோடு, அவள்தான் கேட்டாள். ஆர்ஸெனியோ பதில் சொல்லவில்லை. தட்டில் பாதி மீனை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு எழுந்து போனான். குக்கர் அன்றும் அப்படியேதான். அவள் பேச்சு அலுத்து, அந்த டிட்டாஸுக்கு எழுதத்தான் ஓடுகிறான் என்று நினைத்து, மிச்ச மீனைப் பூனைக்குப் போட்டிருக்கிறாள்.

"அதுக்கு என்ன பதிலாம்?" என்று கேட்டாள். குரலில் இப்போது சர்க்கரை இல்லை.

"குக்கரோட அடியில ஒரு காந்தம் பிடிச்சுக்கிட்டு இருக்குதாம். தண்ணி இருக்கிற வரைக்கும் பாத்திரம் ஒரு சூட்டுக்கு மேல போகாது. தண்ணி வத்தினதும் சூடு ஏறிடும், காந்தத்துக்குப் பிடிப்பு போயிடும்."

"விட்டுடுமா?"

"விட்டுடும். சுவிட்ச் அணையறப்ப கேக்குதே, அதான் அந்த 'டக்'."

ஊரெல்லாம் தின்று ஏப்பம் விட்ட பிறகு, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இன்று அவளுக்கு வருகிறது, அதுவும் இவள் கையால். மேஜையிலேயே உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும், பாவி. சந்தோஷமும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்தன.

"அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" டிட்டாஸ் கேட்டாள். "அவங்களும் துக்கத்துக்கு வந்திருப்பாங்கன்னு நினைச்சேன். ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போயிடலாம்னுதான்."

"வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தாங்க" என்றாள் ஹெர்மினியா. "நான் யாரைக் கண்டேன். காப்பி ஆறுது, குடிங்க."

பெட்டியை மூடினார்கள், எடுத்தார்கள். சவ வண்டி நடைவேகத்தில் உருள, எல்லோரும் பின்னால் நடந்தார்கள். பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது.

லூர்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன் அண்ணி மறைச்சீங்க? அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கு பாவம், சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? நான் எரிஞ்சேன்ல, கொஞ்சம் எரியட்டும்."

லூர்து பிள்ளைகளைப் பார்க்கப் பின்தங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. வீங்கின காலை இழுத்துக்கொண்டு டிட்டாஸ் பக்கத்தில் வந்து குடையைப் பிடித்திருந்தாள். ஹெர்மினியா விலகவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வண்டியின் பின்கதவைப் பார்த்தபடியே நடந்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை பளபளவென்று கிடந்தது.

"எட்ட இருந்து பாத்தா தண்ணி தேங்கின மாதிரி இருக்கு, கிட்டப் போனா ஒண்ணையும் காணோம்" என்றாள் ஹெர்மினியா, அந்தக் கதவிடம். "அவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?"

குடையின் நிழல் அங்கேயே நின்றுவிட்டது. ஹெர்மினியா வெயிலில் நடந்துகொண்டிருந்தாள்.