உருளை நின்ற காலை

விடியுமுன்பே சலவைக் கூடத்தின் நீராவிக் குழாய்கள் சீறத் தொடங்கிவிடும். விடுதிகளில் யார் யாரோ புரண்டெழுந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். வேர்வை, சாராயம், வாந்தி, செண்ட் எல்லாம் கலந்த நாற்றம். துவைத்துப் பிழிந்த விரிப்பு பிணம் போலக் கனக்கும். இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கொதிக்கும் தேய்ப்பு உருளைக்குள் அதைச் செலுத்த வேண்டும்.

உருளையின் இடப்பக்கம் நிற்பவள் சுருட்டை. சுருள்முடியால் வந்த பெயர். இன்னும் இருபது ஆகவில்லை. வீட்டில் நடை பழகிய மகள் இருக்கிறாள். வலப்பக்கம் நிற்பவளுக்குப் பதினேழுதான். கூடத்திலேயே இளையவள் என்பதால் எல்லாருக்கும் அவள் 'பாப்பா'.

சில நாளாகவே சுருட்டை கவனித்துக்கொண்டிருந்தாள். பாப்பா சட்டைக்குள் கிழிந்த விரிப்புத் துண்டை இறுக்கிச் சுற்றியிருக்கிறாள். மூச்சு முட்டுகிறது.

"எத்தனை மாசம்டி?"

"என்னக்கா?"

"என்கிட்டயே மறைக்காத. நானும் இப்படித்தான் கட்டிக்கிட்டு நின்னேன்."

பாப்பாவின் கண் கலங்கியது. "சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா துரத்திடுவாருக்கா. அவன் போனையே எடுக்க மாட்டேங்கிறான். அப்பா என் மூஞ்சியில முழிக்கிறதில்ல. வேலையும் போச்சுன்னா எங்கக்கா போவேன்?"

சுருட்டைக்காவது ஒருவன் இருந்தான். வயிறு தெரிந்ததும் பள்ளிக்கூடம் அவளை மட்டும்தான் வெளியே அனுப்பியது. கூடப் படித்த அவன் தானாகவே வெளியேறி அவளோடு வந்தான். இப்போது இதே கூடத்தின் வேனை ஓட்டுகிறான். இருந்தும் என்ன? பிரசவமான கையோடு அவள் இங்கே திரும்பியபோது பால் கட்டி மார் கல்லாய் இறுகியது. கழிப்பறையில் சுவரைப் பார்த்து நின்று பீய்ச்சினாள். பிள்ளை வீட்டில் அழுத நேரத்தில் அந்தப் பால் சாக்கடையில் ஓடியது. கதவுக்கு வெளியே மடிப்புப் பகுதிப் பெண்கள் சிரித்தார்கள்.

அன்று காலை விரிப்பின் முனையை நீட்டிய பாப்பா அப்படியே சரிந்தாள். கை உருளையில் பட்டு இழுபட்டது. அலறக்கூட அவளுக்கு மூச்சில்லை. சுருட்டை பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை முனகி நின்றது. சோப்பு வாடையை மீறித் தோல் கருகிய வாடை எழுந்தது.

"யாரு மெஷின நிறுத்தினது?" சூப்பர்வைசரின் முதல் கேள்வி அதுதான்.

மூச்சு வரட்டும் என்று சுருட்டை அவள் வயிற்றுக் கட்டை அவிழ்த்தபோது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சுருட்டையின் புருஷன் அழுக்கு மூட்டைகளைத் தெருவில் தள்ளிவிட்டு, பாப்பாவை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

முதலாளி வந்தார்.

"இது சலவைக் கம்பெனியா, பிரசவ ஆஸ்பத்திரியா? மறைச்சு வேலையில நின்னிருக்கா. இனி அவ உள்ள வரக்கூடாது."

"சொல்லியிருந்தா உக்கார்ற வேலை குடுத்திருப்பீங்களா சார்?" என்றாள் சுருட்டை.

"வீட்டுல உக்கார வச்சிருப்பேன்."

"அதனாலதான் அவ சொல்லல."

முதலாளியின் முகம் சுண்டியது. "நீ பேசாத. நீ எந்த வயசுல பெத்தவன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

சுருட்டைக்குக் காது எரிந்தது. தலை குனியவில்லை.

"பதினேழு வயசுல பெத்தேன். பச்ச உடம்போட உங்க உருளைகிட்ட வந்து நின்னேன். அப்ப என் வயசு உங்க கண்ணுல படலையே?" பெண்கள் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க. நான் வாய மூடிக்கிட்டேன். இன்னைக்கு இவ கை வெந்துபோச்சு. நாளைக்கு எவளோ?"

அன்று எல்லாரையும்விட உரக்கச் சிரித்த மடிப்புக்காரப் பெரியக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள்.

"நானும் புள்ளைய சுமந்துக்கிட்டே இங்க நின்னவதான். ஒண்ணு தங்கல. யார்கிட்ட போய்ச் சொன்னேன்?"

அவள் வெளியே நடந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் நடந்தார்கள். கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார்கள். பாப்பாவுக்கு வேலை, வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை, பால் கொடுக்க ஓர் அறை. கேட்டது அவ்வளவுதான்.

வேன் திரும்பி வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கைவிரல்கள்தான் மடங்குமா தெரியாது என்றான் புருஷன்.

"பஸ் ஸ்டாண்டுல வேற ஆளுங்க நிக்கிறாங்க. ஏத்திக்கிட்டு வா," என்றார் முதலாளி.

அவன் சாவியை அவர் கையில் வைத்தான். "நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க சார். போற வழியிலதான் ஆஸ்பத்திரி. அந்தப் பொண்ணு கையையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க."

வீட்டுக்குப் போய் மகளைத் தோளில் தூக்கிவந்து அவனும் மண்ணில் உட்கார்ந்தான்.

நாட்கள் போயின. உள்ளே ஈர விரிப்புகள் புளித்து நாறின. போலீஸ் வந்து மிரட்டிவிட்டுப் போனது. சில பெண்கள் பின்வாசல் வழியாக வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. முதலாளி கேட்டைத் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம், பக்கத்துக் கையுறைக் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒருத்தி பையை வயிற்றுக்கு முன்னால் அணைத்துப் பிடித்திருந்தாள். இன்னொருத்தியின் தோளில் கைக்குழந்தை. இருவருக்கும் பதினெட்டு இருக்காது.

"சுருட்டை அக்கான்னு…"

"நான்தான்மா."

"எங்க கம்பெனியிலயும்…" என்று தொடங்கியவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பாப்பா நகர்ந்து இடம் விட்டாள்.

"முதல்ல உக்காருங்க," என்றாள். "இங்க உக்கார்றதுக்கு யாரையும் கேக்க வேணாம்."