சோழிப் பெட்டிக்கு அரை டிக்கெட்

ரெஜினா அக்காவின் கடையில் செய்த அன்பளிப்பை, வாங்கிக்கொண்டவர்கள் ஒரு வருடம் முழுக்க ஏறெடுத்துப் பார்க்காமல் விட்டால், அது கிளம்பித் தானாகவே கடைக்கு வந்துவிடும். பெரும்பாலும் பேருந்தில் வரும். கண்டக்டர்கள் அரை டிக்கெட் கொடுப்பார்கள். மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்கி, வெயிலாக இருந்தால் மதில் நிழலில் ஒதுங்கி நடந்து, கடை வாசலில் வந்து நிற்கும். கண்ணாடிச் சாமான்கள் மட்டும் ஆட்டோவில் வரும்.

கடை தூத்துக்குடியில் இருந்தது. முன்பக்கம் ஒரு சிறிய அறை, பின்பக்கம் ஒரு நீள மேசை. தெருக்காரர்கள் மத்தியானம் ஓய்ந்த நேரத்தில் அந்த மேசையில் உட்கார்ந்து சிப்பி விளக்கு, துணிப் பொம்மை, ஓலைக் கூடை என்று கைக்கு வந்ததைச் செய்வார்கள். முடித்ததும் அடியில் செய்தவர் பெயர் எழுத வேண்டும். கல்யாணத்துக்குக் கொடுக்கும் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவதைப் போலத்தான். பொருள் திரும்பி வரும்போது அந்தப் பெயரை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கும்.

எல்லாருக்கும் பெயர் எழுதிக் கொடுப்பது ஜெசிந்தா. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இலக்கியம் படித்தவள், ஆனால் நாலு பேர் முன்னால் பேச வராது. கூட்டத்தில் ஏதாவது அறிவிக்க வேண்டியிருந்தால் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவாள்.

கூட்டம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நாலு மணிக்கு. திரும்பி வந்தவை ஒரு பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். செய்தவர்கள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் டீயும் மக்ரூனும்.

அந்த ஆனி மாதக் கூட்டத்தில் ரெஜினா அக்கா தேங்காய்ச் சிரட்டைக் குரங்கு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "இது யாருது?"

தேவசகாயம் சார் எழுந்தார். "நம்மளுதுதான்."

"மூணாவது தடவை, சார்."

"சம்பந்தி வீட்ல டிவி பக்கத்துலதான் வெச்சேன். எல்லாரும் டிவியையே பாக்காவ."

"டிவி மேல வெச்சிருக்கணும்."

"இப்பம் டிவி சுவத்துல தொங்குது ரெஜினா. மேலன்னு ஒண்ணு கிடையாது."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. குரங்கு அவர் மடியில் ஏறி உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டது. ஜெசிந்தா பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். பிறகு, ஒவ்வொரு மாதமும் செய்வதைப் போல, வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். வேறெதுவும் வரவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆறு வருடமாக அந்த நிம்மதியில்தான் அவள் இருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு அந்த மேசையில் அவள் ஒரு மரப்பெட்டி செய்தாள். மேலே முழுக்கச் சோழி பதித்து, மூடியின் உட்புறம் ஒரு கண்ணாடி வைத்தாள். சண்முகவடிவின் கல்யாணத்துக்காக. வடிவு அவளுடன் விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள். ஜெசிந்தா ஒரு நாளில் பேசும் பத்து வார்த்தையில் ஒன்பது வடிவிடம்தான் போகும்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பேனாவையும் எடுத்துவிட்டு, அவள் பெயர் எழுதாமல் விட்டாள். ஊருக்கே எழுதியவளுக்குத் தன் பெயரை எழுதக் கூச்சமாக இருந்தது. பார்த்தாலே வடிவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். கோவில்பட்டி மண்டபத்தில் மேடை ஏற நீண்ட வரிசை நின்றது. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவரையும் சிரிக்கச் சொன்னார். ஜெசிந்தா பெட்டியை அன்பளிப்பு மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பேருந்து ஏறிவிட்டாள்.

அதன்பின் வடிவு பேசவில்லை. ஜெசிந்தாவும் பேசவில்லை. டைரியில் வடிவின் எண் இருந்தது. அதன் பக்கத்தில் 'அடுத்த மாதம்' என்று எழுதிவைத்திருந்தாள். பெட்டி திரும்பி வராதவரை வடிவு அதைத் தினமும் பார்க்கிறாள், திறந்து முகம் பார்த்துப் பொட்டு வைக்கிறாள் என்றுதான் அர்த்தம். அப்படியிருக்கப் பேசுவதற்கு என்ன அவசரம்?

டீ முடியும் நேரத்தில் கோவில்பட்டி பஸ் கண்டக்டர் மாடசாமி ஒரு களிமண் யானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். படி இறங்கும்போது யானைக்குக் கால் சுளுக்கிவிட்டதாம்.

"அக்கா, அப்படியே ஒரு விஷயம்," என்றார், மக்ரூனைக் கடித்துக்கொண்டு. "எங்க வண்டியில ஒரு பெட்டி அஞ்சு வருஷமா போகுது, வருது. டிரைவருக்குப் பின் சீட்டு. எங்க இறங்கணும்னு அதுக்கே தெரியல. கவுத்திப் பாத்தேன், அடியில பேரு இல்ல. சோழி ஒட்டின பெட்டி. உங்க கடைச் சாமான்தானோ?"

ரெஜினா அக்கா தெரியாது என்று தலையாட்டினாள். பேரில்லாத பொருளை இந்தக் கடை வெளியே விட்டதே கிடையாது என்றாள். ஜெசிந்தா சிலேட்டை எடுத்து, 'கூட்டம் முடிந்தது' என்று எழுதிக் காட்டிவிட்டு, பெயர் எழுதும் மார்க்கர் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு மாடசாமியின் பின்னால் போனாள்.

பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டு ஒரு பக்கச் சோழிகள் மட்டும் வெளுத்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து மடியில் எடுத்து வைத்தாள். கனமாக இருந்தது. திறந்தால் உள்ளே விளிம்புவரை அரை டிக்கெட்டுகள். அஞ்சு வருடம் என்றால், முதல் வருடம் முடிந்த அன்றே கிளம்பியிருக்கிறது. வடிவு ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. மூடிக் கண்ணாடியில் ஜெசிந்தாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைக் கடைசியாக யார் பார்த்தார்கள் என்று யோசித்தாள். எட்டயபுரம் தாண்டியும் நினைவு வரவில்லை.

கோவில்பட்டியில் வடிவின் மாமியார் கதவைத் திறந்தாள். பெட்டியை அடையாளம் தெரிந்தது.

"இது பரண்ல கிடந்துச்சுல்லா? பேரில்லாத சாமானையெல்லாம் மேல போட்டுட்டோம் தாயி. யாருக்குத் திருப்பிச் செய்யன்னு தெரியாதுல்ல. வடிவு கண்ணுல காட்டவே இல்ல. பேரிருந்த சாமானையெல்லாம் அவ ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தா. ஒரு பேரைத் தேடுனா போல."

"வடிவு இருக்காளா அம்மா?"

"அவ பங்குனியிலயே கிளம்பிட்டா." அம்மாள் மோர்ச் செம்பை நீட்டினாள். "வீட்ல நாங்க யாரும் அவளை நிமிந்து பாத்ததா ஞாபகம் இல்ல. அப்படிப் பாக்காமலே வருஷம் ஒண்ணு ஆயிருக்கும். காலையில எந்திரிச்சு, வாசலைத் தெளிச்சா, கோலம் போட்டா, பஸ் ஏறிட்டா."

"எந்தப் பஸ்?"

"அது தெரியலியே. அவ அம்மையும் இப்ப இல்ல, அங்கன போயிருக்க மாட்டா. எங்க சேக்கணும்னு ஏதாவது எழுதியிருக்கான்னு கிளம்பையில அவ ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல, தாயி. வெறுங்கை."

ஜெசிந்தா மோரைக் குடித்து முடித்தாள். செம்பைக் கழுவி வைத்தாள்.

கல்லூரியின் கடைசி நாளில் எல்லாரும் ஒருவர் துப்பட்டாவில் ஒருவர் பெயர் எழுதினார்கள். வடிவு துப்பட்டாவைக் கொடுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையை நீட்டினாள். "ஏட்டி ஜெசி, நீ இதுல எழுது. நான் எங்க தொலைஞ்சாலும் உங்கிட்டக் கொண்டாந்து விட்ருவாவ." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தாவுக்குக் காது சுட்டது. பேனாவில் மை தீர்ந்துபோச்சு என்றாள். வடிவு கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே மடக்கிக்கொண்டாள்.

பேனா அன்று காலையில்தான் வாங்கியது.

திரும்பும் பேருந்திலும் மாடசாமிதான் கண்டக்டர். ஜெசிந்தா பெட்டியைக் கவிழ்த்து, 'ஜெசிந்தா, அன்புடன்' என்று எழுதினாள். பேருந்து குலுங்கியதில் கையெழுத்து முதல் முறையாகக் கோணலாக வந்தது. மை காயும்வரை ஊதினாள்.

மாதா கோயில் நிறுத்தம் வந்ததும் பெட்டி அவள் மடியிலிருந்து எழுந்தது. ஒவ்வொரு படியாக இறங்கியது. டிக்கெட்டுகள் உள்ளே சலசலத்தன. தரையில் நின்று இப்படி அப்படிப் பார்க்கவில்லை. நேராக மதில் நிழலைப் பிடித்துக் கடையைப் பார்த்து நடந்தது. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை ரெஜினா அக்கா அதைத் தூக்கிக் காட்டி யாருது என்று கேட்பாள். எதிர்ப் பெஞ்சில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஜெசிந்தாவும் இறங்குவதற்குப் பாதி எழுந்தாள். அப்போது இரண்டு பெண்கள் ஏறினார்கள். அவர்கள் கைகளைப் பார்த்தாள். ஒருத்தி மருதாணி போட்டிருந்தாள். இன்னொருத்தி பூக்கூடை வைத்திருந்தாள். வடிவு இல்லை. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

பேருந்து நிலையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை. வண்டி மறுபடி கோவில்பட்டிக்குத் திரும்பியது. மாடசாமி அருகில் வந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை.

"கடைசி சீட்டுல வாசலோரம் காலியா இருக்கும்மா. அங்கன இருந்தா ஏறுறவங்க கையெல்லாம் தெரியும்."

ஜெசிந்தா எழுந்து கடைசி இருக்கைக்குப் போனாள். பேனா மூடியைத் திறந்து, மை வருகிறதா என்று தன் உள்ளங்கையில் ஒரு சின்னக் கோடு இழுத்துப் பார்த்தாள். வந்தது.

மாடசாமி ஒரு அரை டிக்கெட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.