மூக்கு பழகிவிடும்

ஐல்ஸா மக்கெல்லார் என்ற பெண்மணி ஜன்னல்கள் மூடிய வீட்டில் தனியாகப் படுத்திருந்த ஐம்பத்திரண்டு நிமிடங்கள், நான் அவருடைய கணவருக்கு எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கே எத்தனை மணிக்கு நின்றோம் என்று என் நோட்டில் இருக்கிறது. நான் எதை எப்போது புரிந்துகொண்டேன் என்பதை மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊரான ரோட்டோருவாவுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்த அழுகிய முட்டை நாற்றத்தில் எப்படிக் குடியிருக்கிறீர்கள் என்பது. மண்ணுக்கடியிலிருந்து வரும் கந்தக நெடி. எங்களிடம் அதற்கு ஒரே பதில்தான். மூக்கு பழகிவிடும். என் பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊரில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே. என் நோட்டின் முதல் பக்கத்தில் 'சிரிக்க வைக்க' என்று தலைப்புப் போட்டு அதைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன்.

ஆன்ட்டி மிரியாமாவிடம் ஒரு பழைய பச்சை ஹம்பர் கார் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம், ஒரு குடும்பம் மட்டும், ஊர் சுற்றிக் காட்டுவது எங்கள் தொழில். காலையில் நான் ஓட்டுவேன், மதியத்துக்கு மேல் ஆன்ட்டி. நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான்காவது மாதத்தில் ஒரு புதுமணத் தம்பதியிடம், போன வருடம் ஒரு வீட்டுப் பின்கட்டு இரவோடு இரவாகச் சுடுசேற்றுக்குள் இறங்கிய கதையைச் சொன்னேன். அவர்கள் அன்று மாலையே ஊரைக் காலி செய்துவிட்டார்கள்.

"அவா, நீ வழிகாட்டியா, வழியனுப்புறவளா?" என்று என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுக் கேட்டார் ஆன்ட்டி. "வந்தவங்க சிரிச்சுக்கிட்டே போகணும். பயமுறுத்துறதுக்கு நம்ம மண்ணே போதும், நீ வேற எதுக்கு?"

அதற்குப் பிறகு நோட்டில் இருப்பதை மட்டுமே பேசினேன்.

ஐல்ஸா ஞாயிற்றுக்கிழமை தெற்குக் கோடியில் இன்வர்கார்கில் பக்கத்திலிருந்து தொலைபேசியில் அழைத்துச் செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்தார்.

"ஒண்ணு கேக்கலாமா பொண்ணு? அந்த நாத்தம் ரொம்ப மோசமா? என் வீட்டுக்காரர் நாப்பது வருஷமா மாட்டுப்பண்ணை வச்சிருக்கார், அவருக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகம். எனக்கு நாய் மூக்கு."

நான் முதல் பக்கத்தைப் பார்த்துப் படித்தேன். "முதல் ராத்திரி கொஞ்சம் படுத்தும்மா. அப்புறம் மூக்கு பழகிடும். நெடி தெரியாம போச்சுன்னா நீங்களும் எங்க ஊர்க்காரி ஆயிட்டீங்கன்னு அர்த்தம். நிம்மதியா தூங்கலாம்."

அவர் சிரித்தார். நான் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் போட்டேன்.

செவ்வாய் காலை ஒன்பது பத்துக்கு அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டு வாசலில் நின்றேன். ஜூலை மாதம், எங்கள் பக்கம் நடுக்குளிர்காலம், புல்லெல்லாம் உறைபனி, ஒரு இலைகூட அசையவில்லை. தெருவைவிட வீடு தாழ்வாக இருந்தது. வாசலிலிருந்து நான்கு படி இறங்க வேண்டும். எல்லா ஜன்னல்களும் மூடி, உள்பக்கம் நீராவி படர்ந்திருந்தது. ராஸ் மக்கெல்லார் தனியாக ஏறி வந்தார். எழுபதைத் தாண்டியவர், நெட்டையான மனிதர். கதவை இழுத்துச் சாத்தி, மூடியிருக்கிறதா என்று தள்ளியும் பார்த்தார்.

"சூடு வெளிய போயிடக் கூடாது" என்றார். "ஐல்ஸாவுக்குத் தலைவலி. கண்ணெல்லாம் மணலைப் போட்ட மாதிரி உறுத்துதுங்கிறா. பிரயாண அலுப்பு. நீங்க போயிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கன்னு தள்ளி விட்டுட்டா."

"வேற நாள் வச்சுக்கலாமா சார்?"

"நாற்பது வருஷத்துல அவ ஒரு பேச்சை நான் கேட்டது இல்ல. இன்னிக்காவது கேக்கறேன், வண்டியை எடு."

ஒன்பது பன்னிரண்டு.

ஏரிக்கரையில் கறுப்பு அன்னங்களைக் காட்டினேன். அவர் அன்னங்களைப் பார்க்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பைக்கடிகாரத்தை எடுத்தார். சங்கிலி வைத்த பழைய வெள்ளிக் கடிகாரம். வெள்ளி என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது.

"நேத்து ராத்திரி கட்டில் பக்கத்துல வச்சேன், பளபளன்னு இருந்துச்சு. காலையில பாரு."

இதற்கும் நோட்டில் ஒரு வரி இருந்தது. "இந்த ஊர் எல்லாருக்கும் போடற கையெழுத்து சார் அது. வெள்ளி எதுவும் இங்க வெள்ளையா இருக்காது."

"நல்ல கையெழுத்து" என்று அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். நான் டிக் போட்டேன்.

என் அம்மாவின் வெள்ளிக் கரண்டிகளும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவை கறுக்க ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், அந்த இடத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்து ஓஹினெமுத்து, என் சொந்தக் குடியிருப்பு. வீடுகளுக்கு நடுவே, வேலி ஓரத்தில், சாக்கடை மூடியின் துளை வழியாகக்கூட ஆவி எழுந்துகொண்டிருக்கும். அன்று காற்று இல்லாததால் அது மேலே போகாமல் முழங்கால் உயரத்தில் படுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பின்னால் உள்ள கொதிகுளத்தில் ஒரு துணிப்பையில் சோளக்கதிர்கள் வெந்துகொண்டிருந்தன. ராஸ் அதை ரசித்தார். பிறகு வீடுகளையே உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் குளிர்ல எல்லார் வீட்டு ஜன்னலும் ஏன் தொறந்து கிடக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஜன்னலும் ஒரு கை அகலம் திறந்திருந்தது. என்றைக்குமே அப்படித்தான். சின்ன வயதில் குளிருக்காக நான் மூடினால் அம்மா எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், திரும்பத் திறந்துவிட்டுப் போவாள்.

"பழக்கம் சார்" என்றேன்.

சொல்லிவிட்டு ஏதோ உறுத்தியது. இதைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லையே, இதை நான் எந்த விருந்தினரிடமும் சொன்னதில்லையே என்று தோன்றியது. எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்தேன்.

"எங்க பக்கத்துல அப்படித் திறந்து வச்சா பால்காரன்கூட வர மாட்டான், விறைச்சுப்போயிடுவான்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குக் குயிராவ் பூங்காவில் நிறுத்தினேன். சேற்றுக் குமிழிகள் கொதிக்கும் குழிகளுக்கு மரவேலி போட்டிருப்பார்கள். ராஸ் கார்க் கதவைத் திறந்தார். காலை வெளியே வைத்தவர் உடனே கையால் மூக்கைப் பொத்தினார்.

"அப்பப்பா. இங்க பிச்சுக்கிட்டுப் போகுதே."

"இன்னும் பழகலையா சார்?"

"அதான் வேடிக்கை. நேத்து ராத்திரி படுக்கப்போனப்ப வீட்டுக்குள்ள இதைவிட மோசம். ஐல்ஸா புலம்பித் தீத்துட்டா. வேற இடம் பாக்கலாம், கிளம்புங்கன்னு பெட்டியைக்கூட எடுத்தா. மூணு மணி வாக்குல எழுந்து உக்காந்து, ராஸ், நாத்தமே இல்ல, சுத்தமா நின்னு போச்சு, அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்னா. பெட்டியைக் கீழ வச்சுட்டுத் தூங்கிட்டா. எனக்கும் காலையில ஒண்ணும் தெரியல. இப்ப என்னடான்னா இங்க திரும்ப வருது."

நான் நோட்டைத் திறந்து டிக் போடப்போனேன். உண்மையிலேயே போடப்போனேன்.

மூக்கு பழகியிருந்தால் அவருக்கு இங்கேயும் தெரிந்திருக்கக் கூடாது. இங்கே தெரிகிறது. அப்படியானால் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் மட்டும் தெரியவில்லை. ஒன்று, அங்கே நெடியே இல்லாமல் இருக்க வேண்டும். அல்லது, மூக்கையே மரத்துப்போகச் செய்யும் அளவுக்கு இருக்க வேண்டும். பள்ளியில் இரண்டாம் வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமாக இருந்தால் நாறாது. நெடி இல்லாத வீட்டில் வெள்ளி ஒரே இரவில் கறுக்காது.

உடனே சொல்லவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. அரை நிமிடம் யோசித்தேன். தப்பாக இருந்தால்? அந்தப் புதுமணத் தம்பதி, ஆன்ட்டியின் முகம், இந்தப் பெரியவர் பதறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டால். நெடி இல்லை என்பதற்காக ஒருவரைப் பயமுறுத்துவதா? அந்த அரை நிமிடத்தில் ஒரு குமிழி பெருத்து வெடித்தது.

"சார், கார்ல ஏறுங்க."

"இன்னும் வேலிகிட்டயே போகலியே."

"ஏறுங்க சார். அம்மாவுக்கு ஃபோன் போடுங்க."

காரைத் திருப்பினேன். மணி ஒன்பது ஐம்பத்தாறு. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி போட்டார்.

"தூங்கறா" என்றார். "எதுக்கு?"

"நீங்க கிளம்பறப்ப அவங்க பேசினாங்களா?"

"ம்ம்னா."

"போயிட்டு வாங்கன்னு தள்ளி விட்டதா சொன்னீங்களே?"

"அது ஏழு மணிக்கு. கிளம்பறப்ப ம்ம்னு மட்டும்தான்…" அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன ஆச்சு பொண்ணு? சொல்லிடு."

நான் அவசர எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். முகவரி, தாழ்வான வீடு, மூடிய ஜன்னல், உள்ளே ஒரு பெண், நிலத்து விஷவாயு என்று வரிசையாகச் சொன்னேன். அவருக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாலையோரம் எல்லாப் பள்ளங்களிலும் வெள்ளை ஆவி அசையாமல் கிடந்தது. தினமும் பார்ப்பதுதான். விருந்தினர்களுக்கு அழகு என்று காட்டுவதுதான்.

பத்து நான்குக்கு அதே வாசல். தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. கார் நிற்பதற்கு முன்பே அவர் இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்ப் படியின் உச்சியில் குறுக்கே நின்றேன்.

"உள்ள போகாதீங்க சார்."

"நகரு."

"போனா நீங்களும் விழுவீங்க. அது கனமான காத்து, கீழதான் தங்கும்."

"என் பொண்டாட்டி உள்ள இருக்கா, நகருடி."

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "உங்க பண்ணையில சாணக் குழி இருக்கா சார்?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தள்ள எடுத்த கை அப்படியே நின்றது. முகம் மெல்ல மாறியது.

"பக்கத்துப் பண்ணை டேவி இறங்கினான்" என்றார். "அவனைத் தூக்க அவன் தம்பி இறங்கினான். ரெண்டு பேரும் ஏறி வரல." கீழே அந்தக் கதவைப் பார்த்தபடி, "நாத்தமே இல்லன்னுதான் ரெண்டு பேரும் இறங்கினாங்க. எனக்குத் தெரியுமே. இது எனக்கே தெரியுமே."

காரை முடுக்கும் நீளமான இரும்புக் கைப்பிடியை எடுத்து வந்தேன். படுக்கையறை ஜன்னல் எது என்று அவர் காட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு, கை நீட்டிய தூரத்திலிருந்து கண்ணாடியை உடைத்தேன். பின்னால் ஓடி வந்து மூச்சு விட்டேன். மறுபடி போய் அடுத்த ஜன்னல். திரை நகர்ந்த இடைவெளியில் கட்டில் தெரிந்தது. போர்வை மட்டும் இருந்தது. அவர் கட்டிலில் இல்லை.

"ஐல்ஸா" என்று ராஸ் மேலிருந்து கூப்பிட்டார். ஒரே ஒரு முறை. சமையலறையிலிருந்து கூப்பிடுவது போல, சாதாரணமான குரலில்.

நான் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பனியின் வாசனை மட்டும்.

பத்து எட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். குளியலறை வாசலில், தரைவிரிப்பில் முகம் பதிய விழுந்திருந்தவரைத் தூக்கி வந்து தெருப்பக்கப் புல்லில் கிடத்தினார்கள். புது விரிப்பு, அதற்கடியில் தரை நீளமாக விண்டிருந்தது என்று பிறகு ஒருவர் சொன்னார். இன்னொருவர் கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளின் கதவுகளைத் தட்டப் போனார்.

ஐல்ஸாவின் உதடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தது. பிராணவாயு முகமூடியை வைத்துப் பதினொரு நிமிடம். ராஸ் உறைபனியில் மண்டியிட்டு அவருடைய பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மார்பு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் பெண், "வந்துட்டாங்க" என்றார். அதன்பிறகும் ராஸ் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

வண்டியில் ஏற்றும்போது ஐல்ஸா கண்ணைத் திறந்தார். சிவந்து வீங்கிய கண்கள். யார் இது என்பது போல என்னைப் பார்த்தார்.

"நான் அவாதியா. கார் ஓட்டுறவ" என்றேன்.

குரலை அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது. முகமூடியைக் கையால் நகர்த்தினார். ஆம்புலன்ஸ் பெண் தடுக்கப் பார்த்தார். ஐல்ஸா விடவில்லை.

"ஃபோன்ல பேசின பொண்ணா?" என்றார். குரல் கரகரத்தது. என் விரல்களைப் பிடித்துக்கொண்டார், எனக்கு நல்ல செய்தி சொல்லப்போகிறவர் போல. "நீ சொன்ன மாதிரியே ஆச்சும்மா. மூணு மணிக்கு நின்னு போச்சு. நானும் உங்க ஊர்க்காரி ஆயிட்டேன்."