கீரி ஒரு வீட்டில், பெட்டி ஒரு வீட்டில்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஒரு பழைய வீடியோ கேம் கேசட் இருந்தது. அதற்குரிய அட்டைப்பெட்டியும் விளக்கப் புத்தகமும் அவருடைய மச்சானிடம், அதாவது மனைவியின் தம்பியான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் இருந்தன. இதை வைத்து இருபத்திரண்டு வருடமாக இருவரும் நடத்திய போரை எழுதப் புகுந்தால் உலகப்போர்கள் இரண்டும் ஓரமாக நகர்ந்து இடம்விட வேண்டியிருக்கும்.

கேசட்டுக்குள் இருப்பது ஒரு கீரி, கையில் குடை. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவும். எதிரே வரும் பாம்புகளைக் குடையால் சாத்தும். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் கேசட், பெட்டி, புத்தகம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்துவிட்டால், சேகரிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் வருவார்கள்.

ஒரே பழைய சாமான் சந்தையில், அடுத்தடுத்த மேசைகளில், ஆளுக்கொன்றாகப் பொறுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒருவர் பொருளை மற்றவர் தொட்டதில்லை. மூன்றடி தள்ளி நின்று அலமாரிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். மச்சான் வாசலில் தலை காட்டினால் போதும், அலமாரிச் சாவி மெக்கானிக்கின் பனியனுக்குள் போய்விடும்.

இந்த வருடம் சேகரிப்பாளர் கூட்டத்தில் முழு செட்டுகளுக்கென்றே தனி மேசை போடுகிறார்களாம். அந்த மேசையில் தன் கீரி நிற்க வேண்டும் என்ற ஆசை மெக்கானிக்கைப் போட்டு ஆட்டியது. எந்த அளவுக்கு என்றால், அவரே மச்சானுக்கு போன் போட்டார்.

"ஆறு மாசம் உங்க வீட்ல, ஆறு மாசம் என் வீட்ல. சம்மதமா மாமா?" என்றார் மச்சான், விஷயத்தைக் கேட்டதும்.

"முதல் ஆறு மாசம் எனக்கு," என்றார் மெக்கானிக்.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டீங்க!"

"எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேச்சுவார்த்தை நடக்கல," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

கேம்களை மதிப்பிட்டுச் சான்று அட்டை எழுதித் தருபவர், பழைய கேம் கடை நடத்தும் ஓர் அம்மாள். ஸ்க்ரூவைக் கழற்றிக் கேசட்டின் வயிற்றைப் பார்ப்பதால் டாக்டரம்மா என்று பெயர். மாமனும் மச்சானும், சொத்துப் பத்திரம் கொண்டுவந்தவர்கள் மாதிரி, ஆளுக்கொரு பையை மார்போடு அணைத்தபடி அவர் முன் நின்றார்கள்.

டாக்டரம்மா கையுறை மாட்டினார். விளக்கைக் கீழே இறக்கினார். கேசட்டைத் திருப்பினார், பெட்டியின் மடிப்பை விரித்தார், மறுபடி கேசட்டுக்கு வந்தார். மெக்கானிக்கின் கழுத்து ஒரு முழம் நீண்டுவிட்டது.

"இது ரெண்டும் ஒரே செட்டுன்னு யாரு சொன்னா?"

இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

"கேசட் முதல் பதிப்பு. லேபிள் ஓரத்துல அழுத்தின நம்பர் ஒண்ணு. பெட்டி ரெண்டாம் பதிப்பு, இந்தா மடிப்புக்குள்ள ரெண்டுன்னு போட்டிருக்கு. புத்தகமும் ரெண்டு. மேசைல சேத்துக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட பக்கத்துல வச்சுப் பாக்கலையா?"

"காட்டினாத்தானே!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

தலையில் இடி விழப்போகிறது என்று மெக்கானிக் காத்திருந்தார். விழவில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கி நின்ற லிஃப்ட் சட்டென்று நகர்ந்ததுபோல் வயிற்றில் ஒரு குளுமைதான் பரவியது. மச்சான் தன்னிடமிருந்து எதையும் பிடித்துவைக்கவில்லை! அந்தப் பெட்டி தனக்கு வேண்டவே வேண்டாம்!

"அப்போ உங்க பெட்டி எங்கிட்ட இல்ல மாமா."

"உன் கேசட்டும் எங்கிட்ட இல்லடா மச்சான்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் ஷோகேஸ் நடுங்கியது.

"மெல்ல சிரிங்கய்யா, உள்ள சாமான் இருக்கு," என்று டாக்டரம்மா அதைத் தாங்கிப் பிடித்தார். "பின்னாடி நாலு அட்டைப்பெட்டி நிறைய சரக்கு பிரிக்காம கெடக்கு. வேணும்னா தேடிப் பாருங்க."

இருவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் மச்சானுக்குக் கேசட் தேடினார். மச்சான் மாமாவுக்குப் பெட்டி தேடினார். நான்கையும் கவிழ்த்தாகிவிட்டது. தும்மல்தான் வந்தது, கீரி வரவில்லை.

மனைவி போன் செய்தாள். "என்னாச்சுங்க? மேசைல எடம் கெடைச்சுதா?"

"கெடைக்கல! இது வேற, அது வேறயாம்!" மெக்கானிக்கின் குரல் துள்ளியது. "அடுத்த வருஷம் ரெண்டு செட்டா வைக்கிறோம்! சனிக்கிழமை நானும் உன் தம்பியும் சந்தைக்குப் போறோம், ஒரே வண்டில!"



"போனை அவன்கிட்ட குடுங்க," என்றாள் மனைவி. "உங்க நெத்தியைத் தொட்டுப் பாக்கச் சொல்றேன்."