கடைசிச் சீட்டு

யார் முதலில் சீட்டு எடுப்பது என்பதில்தான் சண்டையே. கோபாலபுரத்தில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, கீழே ஒன்று, மேலே மூன்று என்று நான்கு வீடுகள் கட்டியாயிற்று. மனை சின்னது, லிஃப்டுக்கு இடமில்லை. பழைய சொந்தக்காரர்களான நான்கு குடும்பத்திலும் முழங்கால் வலிக்காரர்கள். நான்கு பேருக்கும் கீழ்வீடுதான் வேண்டும். ஆகவே குலுக்கல், புதுக் கட்டடத்து வாசலிலேயே. எவர்சில்வர் சொம்பில் நான்கு சீட்டு.

"பெரியவா மொதல்ல எடுக்கறதுதான் முறை" என்றார் ஸ்ரீரங்கன்.

"வீட்ட முதல்ல காலி பண்ணிக் குடுத்தது யாரு? நாந்தானே?" என்று எழுந்தாள் சண்முகவடிவு. துணிக்கடைக் கருணாகரன் தன் நாற்காலியைச் சொம்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

நான்காவது ஆளான சகினாவுக்குச் சிரிப்பு வந்தது. பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். நான்கு சீட்டு நான்கு பேருக்குப் போக இருபத்துநான்கு விதம் உண்டு. அதில் கீழ்வீடு முதல் ஆளுக்கு விழுவது ஆறு, கடைசி ஆளுக்கும் அதே ஆறு. முந்தினாலும் பிந்தினாலும் நாலில் ஒன்றுதான். இதற்குப் போய் இத்தனை கூச்சலா?

"நீங்க மூணு பேரும் எடுங்க. நான் கடைசி" என்றாள்.

அவள் கணவர் மெஹபூப் அலிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இடது கால் இழுத்துக்கொண்டுதான் வரும். மாடி விழுந்தால் தெருவைப் பார்ப்பதே பெரும்பாடு.

"மிச்சம் மீதிய வாங்கத்தான் என்னை இட்டுக்கினு வந்தியா?"

"எல்லாம் ஒண்ணுதாங்க. கணக்குல தப்பு வராது."

ஸ்ரீரங்கன் பிரித்தார்: மூன்றாம் மாடி. சண்முகவடிவுக்கு முதல் மாடி. யாரையோ வாய்க்குள் திட்டினாள். மிச்சம் கீழ்வீடும் இரண்டாம் மாடியும். வாய்ப்பு நாலில் ஒன்றிலிருந்து பாதியாக ஏறியதில் சந்தோஷப்படத்தான் வேண்டும். சகினாவுக்கோ சொம்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது கடைசி ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

கருணாகரன் ஒன்றை எடுத்தான். பிரிக்கவில்லை. மெஹபூப் அலியின் காலைப் பார்த்துவிட்டு, அதை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, வேணும்னா இத நீங்க வச்சுக்குங்க. சொம்புல இருக்கறத நான் எடுத்துக்கறேன்."

மாற்றினாலும் பாதி, மாற்றாவிட்டாலும் பாதி. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது! ஆனால் தப்பாகப் போனால் ஆயுசுக்கும் தன் கைதான் காரணம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் கணவர் பக்கம் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. மெஹபூப் அலி, ஏற முடிகிறதா என்று பார்ப்பதுபோல், சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கைப்பிடி வைக்காத மாடிப்படியின் முதல் படியில் தன் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.